கிளட்ச் அக்காவும் எண்பத்தாறு கையெழுத்தும்

வலது கால் மட்டும் அக்காவின் சொல்பேச்சு கேட்பதில்லை. மருந்துக்கடைப் பெஞ்சில் மாத்திரைக்குக் காத்திருக்கும் நேரத்தில் தெருவில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தால் போதும், அவருடைய வலது பாதம் தரையை ஓங்கி அழுத்தும். தியேட்டரிலும் இதே கதைதான். திரையில் கதாநாயகன் காரை விரட்டிக்கொண்டு போவான். முன்வரிசையில் இருப்பவர் முதுகில் உதை வாங்கித் திரும்பிப் பார்ப்பார். "மன்னிச்சுக்குங்க, வளைவுல இவன் வேகத்தைக் குறைக்கவே மாட்டேங்கிறான்" என்று அக்கா திரையைக் கைகாட்டுவார். பத்தொன்பது வருடமாகப் பயிற்சிக் காரில், கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தனக்கென்று பொருத்திய தனி பிரேக்கை மிதித்து மிதித்து வந்த பழக்கம். செருப்பு வாங்கினாலும் வலதுதான் முதலில் தேயும்.

ஊருக்கெல்லாம் அவர் கிளட்ச் அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸில் பத்திரமாக இருக்கிறது. அதை எடுத்துப் படிக்க வேண்டிய தேவை யாருக்கும் வந்ததில்லை. "கிளட்ச்... கிளட்ச்... மெதுவா விடுங்க, அது எங்கயும் ஓடிப்போகாது" என்று ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது சொல்லிவிடுவார். கோபம் வந்தால் அவர் குரல் ஏறாது, இறங்கும். மிக மெல்ல, ஏறக்குறைய கொஞ்சலாக, "ரொம்ப நல்லா ஓட்டினீங்க" என்று சொன்னாரென்றால், காரின் எந்தப் பக்கம் கீறியிருக்கிறது என்று இறங்கிப் பார்த்துவிடுவது நல்லது.

ஆள் குள்ளம். ரோடு தெரிவதற்காக இருக்கையில் இரண்டு தலையணை போட்டு உட்காருவார். கறுப்புக் கண்ணாடி, பையில் இரண்டு பேனா, தரையில் படம் போட்டு விளக்க ஒரு சாக்பீஸ். கணவர் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறார். அதிர்ந்து பேசாத மனிதர். கல்யாணமான புதிதில் அவருக்கும் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க அக்கா முயன்றதுண்டு. மூன்றாம் நாள் அவர் காரைவிட்டு இறங்கி, "நான் பஸ்லயே போய்க்கறேன். எனக்குக் குடும்பம் முக்கியம்" என்று சொன்னவர்தான், இன்றுவரை பஸ்தான்.

அக்காவின் வகுப்பறை பூங்காதான். உள்ளே அல்ல, வெளியே. நூற்றிருபது வயதான பூங்கா அது. இரும்புத் தூண்களோடு எட்டு மூலை இசை மேடை ஒன்று நிற்கிறது. அதில் இசை கேட்டவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. தண்ணீர் வராத நீரூற்றில் நான்கு கல் மீன்கள் வாயைத் திறந்தபடி இருக்கின்றன. இருநூற்றுச் சொச்சம் மரங்கள், சுற்றிலும் இடுப்பளவு மதில், மதிலைச் சுற்றி நான்கு தெருக்கள். கற்றுக்கொள்ள வருபவர்கள் அந்த நான்கு தெருவைத்தான் சுற்றிச் சுற்றி வருவார்கள். அக்கா அவர்களை மீட்டர் முள்ளைப் பார்க்க விடமாட்டார், மரத்தைப் பார்க்கச் சொல்வார். தூங்குமூஞ்சி மரம் வந்தால் இரண்டாவது கியர். கொன்றை முடிந்தால் மூன்றாவது. நீரூற்று தெரிந்ததும் இண்டிகேட்டர். ஆலமரத்து விழுது கண்ணில் பட்டால் பிரேக்கில் கால். இப்படிக் கற்றவர்கள் ஊரில் நாலாயிரம் பேருக்கு மேல். நெடுஞ்சாலையில்கூட ஆலமரத்தைக் கண்டதும் ஒரு கார் காரணமில்லாமல் தயங்கினால், ஓட்டுபவர் யாரிடம் படித்தவர் என்று கேட்கவே வேண்டாம்.

அந்தத் தூங்குமூஞ்சி மரத்தில் மஞ்சள் பெயிண்டில் எண் எழுதியிருப்பதை முதலில் பார்த்தவரும் அக்காதான். போன மழைக்காலம் முடிந்த ஒரு காலை. ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு நர்ஸ். எட்டாவது வகுப்பு அவருக்கு. "ஓரமா நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டு அக்கா இறங்கிப் போய், டப்பாவும் பிரஷ்ஷுமாக நின்றவரிடம் விசாரித்தார். நூற்றுப் பதினான்கு மரங்களுக்கு எண் போடச் சொல்லியிருக்கிறார்கள். எண் போட்டதெல்லாம் வெட்டுவதற்கு. பூங்காவில் சரிபாதியை எடுத்து நகராட்சி ஆறு மாடியில் வாகன நிறுத்தம் கட்டப்போகிறது. கீழே கடைகள் வரும். மொட்டைமாடியில் புல் வளர்த்துத் தருவார்களாம். இசை மேடை கழற்றப்பட்டு வேறொரு "பொருத்தமான இடத்துக்கு" போகுமாம்.

அக்கா திரும்பி வந்து காரில் உட்கார்ந்தார். நர்ஸ் அடுத்து என்ன செய்வது என்று கேட்டதற்கு, "வண்டியை எடுங்க. மருந்துக்கடைக்கு விடுங்க" என்றார். பூங்காவின் மேற்குத் தெரு முனையில் இருக்கும் மருந்துக்கடைக்காரர் அந்த வட்டாரத்துக்கு ஒரு தபால் நிலையம். அவரிடம் ஒன்றைச் சொன்னால் நான்கு தெருவுக்கும் மாலைக்குள் போய்விடும். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "தலையை எடுத்துட்டுத் தொப்பி தர்றாங்க" என்று மட்டும் சொல்லி, மாத்திரைச் சீட்டின் பின்பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஆட்களின் பெயரை எழுத ஆரம்பித்தார்.

அப்படித்தான் குழு உருவானது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு இசை மேடையில் முதல் கூட்டம். வந்தவர்கள் இருபத்துமூன்று பேர். ஆறாவது கூட்டத்துக்கு இருநூறைத் தாண்டியது. அதற்கு ஒரு காரணம் அக்காவின் கார். கூட்ட அறிவிப்பைப் பெரிய எழுத்தில் எழுதிக் காரின் பின்கண்ணாடியில் ஒட்டிவிட்டார். கற்றுக்கொள்பவர் ஓட்டும் கார் என்ன வேகத்தில் போகும் என்பது தெரிந்ததே. பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் ஹாரன் அடித்துப் பார்ப்பார்கள், அடித்து ஓய்ந்து, வேறு வழியில்லாமல் அறிவிப்பைப் படிப்பார்கள். ஒரு மாதத்தில் அந்த வட்டாரத்தில் அதை மனப்பாடமாகத் தெரியாதவர்கள் இல்லை. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நகராட்சி தேதி குறித்தது. அங்கே வலுவான ஆட்சேபணை இல்லையென்றால் மறுமாதமே மரம் அறுக்கும் வேலை தொடங்கும் என்று தாக்கீதில் அச்சிட்டிருந்தார்கள்.

கூட்டத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது மருந்துக்கடைக்காரர் விண்ணப்பம் போட்டு, திட்டத்தின் கோப்பு நகலை வாங்கி வந்தார். முப்பத்துநான்கு பக்கம். இசை மேடைப் படியில் உட்கார்ந்து எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். முதல் பக்கத்திலேயே "பொதுமக்களின் எழுத்துபூர்வமான கோரிக்கையின் பேரில்" என்று இருந்தது. எந்தப் பொதுமக்கள் என்று நாலு பேர் சிரித்தார்கள். மூன்றாம் பக்கத்தைத் திருப்பிய மருந்துக்கடைக்காரர் படிப்பதை நிறுத்திவிட்டார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது போல, அந்தப் பக்கத்தின் அடியில் வட்டமாக ஒரு முத்திரை இருந்தது. அக்காவின் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி முத்திரை.

இரண்டு வருடத்துக்கு முந்தைய கடிதம். பூங்காவைச் சுற்றி நான்கு தெருவிலும் இரண்டு பக்கமும் கார்களை நிறுத்திவிடுகிறார்கள், கற்றுக்கொள்பவர்கள் வண்டியை ஓரங்கட்டிப் பழக ஓர் இடம்கூட இல்லை, ஆகவே வாகனங்களை நிறுத்த அருகிலேயே இடம் ஒதுக்கித் தர வேண்டும் என்று கேட்டிருந்தது. கீழே எண்பத்தாறு கையெழுத்து. அக்காவுக்கு எல்லாம் ஒரே நொடியில் ஞாபகம் வந்தது. ஒரு மாணவி ஓரங்கட்டும்போது பக்கத்துக் காரின் கதவைக் கீறி, அந்தக் காரின் சொந்தக்காரர் அவளை அழவைத்த மறுநாள் எழுதியது. பிறகு ஒரு மாதம் வகுப்புக்கு நடுவே, "ஹேண்ட்பிரேக் போடுங்க. நியூட்ரல். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று வாங்கியவைதான் அத்தனையும். அக்கா சொன்னால் பிரேக் போடுகிறவர்கள் கையெழுத்துப் போடமாட்டார்களா? யாரும் படித்துப் பார்க்கவில்லை. அனுப்பிவிட்டு அவரே மறந்தும் போனார். அருகில் காலியாக இருந்தது பூங்கா ஒன்றுதான் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை, நகராட்சிக்குத் தோன்றியிருக்கிறது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். தெருவுக்கே சேர்த்து வைத்தவர் நம் அக்காதான்.

"என் சீல்தான்" என்றார் அக்கா. "கடிதம் எழுதினதும் நான்தான்."

குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்த நர்ஸ்தான் முதலில் வாய் திறந்தார். "அப்போ இத்தனை நாளா எங்களைக் கூட்டிட்டுச் சுத்தினது எதுக்குக்கா?" என்று கேட்டார். அதில் கத்தல் இல்லை. கத்தியிருந்தால் அக்காவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். சிலர் எழுந்து போனார்கள். மறுநாள் ஆறு மணி வகுப்புக்கு நர்ஸ் வரவில்லை. அந்த வாரம் வேறு நான்கு பேரும் வரவில்லை.

மருந்துக்கடைக்காரர் நல்ல மனிதர். மற்றவர்கள் போனதும் அக்காவைத் தனியாக உட்காரவைத்து, மூன்றாம் பக்கத்தைப் பற்றி நாம் வாயே திறக்க வேண்டாம், முப்பத்துநான்கு பக்கத்தில் அதிகாரிகள் மட்டும் என்ன கரைத்தா குடித்திருக்கப்போகிறார்கள் என்று யோசனை சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற யோசனை. அக்கா தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

"கண்ணாடியில லாரி தெரியுது. நான் கண்ணாடியைப் பாக்காம இருந்தா லாரி இல்லாமப் போயிடுமா?"

வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முழுதாகக் கேட்டு முடித்துவிட்டு, "எழுதின கைதானே திருத்தணும். நானும் கூட வர்றேன்" என்றவர், ஒரு நொடி கழித்து, "நடந்து போறதா இருந்தா" என்று சேர்த்துக்கொண்டார். பல நாளுக்குப் பிறகு அக்கா சிரித்தார். சிரித்து முடித்து அழவும் செய்தார்.

எண்பத்தாறு பேரில் ஒன்பது பேர் ஊர் மாறிப்போயிருந்தார்கள். மூன்று பேர் உயிரோடு இல்லை. மீதி எழுபத்துநான்கு வீட்டுக்கும் இருவரும் நடந்தார்கள். பழைய கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாக ஒரு தாள், கூடவே கோப்பின் மூன்றாம் பக்கத்து நகல். கதவைத் திறந்தவர்கள் அக்காவைப் பார்த்ததுமே பேனாவை எடுத்தார்கள். "நீங்க நிறுத்துன்னா நிறுத்துவோம், போடுன்னா போடுவோம். அன்னிக்கு என்ன எழுதியிருந்ததுன்னு யாருக்கா பார்த்தது?" என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் அன்பாகச் சொன்னது அக்காவுக்கு அடி விழுந்தது மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டார்: இரண்டு தாளையும் வாய்விட்டுப் படித்து முடித்தால்தான் பேனாவைக் கொடுப்பார். முக்கால்வாசிப் பேருக்கு எரிச்சல். ஒரு டாக்சிக்காரர் வாசலிலேயே நின்று எழுத்துக்கூட்டிப் படிக்கப் பதினைந்து நிமிடம் ஆயிற்று, அக்கா அவசரப்படுத்தவில்லை. இரண்டு வாரத்தில் அறுபத்தொரு கையெழுத்து திரும்பி வந்தது. பன்னிரண்டு பேர் இன்று நாளை என்று இழுத்தடித்தார்கள். ஒருவர் மட்டும் முடியாது என்றார்.

அவர் தெற்குத் தெருவில் கிளினிக் வைத்திருக்கும் கண் டாக்டர். நாற்பது வயதில் அக்காவிடம் கார் ஓட்டக் கற்றவர்; வண்டியைப் பின்னால் எடுக்கும்போது மட்டும் கண்ணை இறுக மூடிக்கொள்வார், அதைத் திருத்த அக்காவுக்கு இரண்டு மாதம் பிடித்தது. டாக்டர் உட்காரவைத்து, டீ வரவழைத்து, மரியாதையாகவே சொன்னார்.

"மத்தவங்க எப்படியோ தெரியாது. நான் அன்னிக்கே படிச்சிட்டுத்தான் போட்டேன்க்கா. ஆபரேஷன் முடிஞ்சு ஒத்தக் கண்ணைக் கட்டிட்டு வர்றவங்க ரெண்டு தெரு தள்ளி இறங்கி நடந்து வர்றாங்க. போன மாசம் ஒருத்தர் விழுந்து கையை உடைச்சுக்கிட்டார். மரம் வேணும்னு எனக்கும் தெரியும். அவங்க எங்க இறங்குவாங்க, சொல்லுங்க."

எண்பத்தாறு பேரில் படித்துவிட்டுப் போட்ட ஒரே மனிதர், அவர் கேட்டதும் நியாயமாக இருந்தது. டீயைக் குடித்துவிட்டு வெளியே வந்தார். தெருமுனையில் கண்ணில் பச்சைத் துணி கட்டிய பெரியவர் ஒருவரை மகள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். கிளினிக் வாசலுக்கு நேரே ஒரு நீலக் கார் நின்றது. அதன் கூரைமேல் மூன்று வருடத்துச் சருகு மக்கி, அதில் ஒரு செடி முளைத்து நாலு இலை விட்டிருந்தது. அக்கா அந்தச் செடியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இந்த நான்கு தெருவை அவரளவு சுற்றியவர்கள் இல்லை. தினமும் பார்த்த காரைத்தான் பார்த்தார், ஆனால் அது நகர்ந்து பார்த்ததே இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

மறுநாளிலிருந்து வகுப்பு வேறு மாதிரி ஆனது. ஒவ்வொரு காருக்கும் பக்கத்தில் பயிற்சிக் காரை நிறுத்தச் சொல்லுவார். இறங்கிப் போய், நிற்கும் காரின் சக்கரத்தில் ஒரு கோடு, அதற்கு நேராகத் தரையில் ஒரு கோடு, சாக்பீஸால் இழுப்பார். கார் நகர்ந்தால் கோடு விலகும். விலகாவிட்டால் அது அசையாத கார். கற்றுக்கொள்பவர்களுக்கும் லாபம், கார் காராக நிறுத்தி நிறுத்தி, அந்த வாரம் அத்தனை பேருக்கும் கிளட்ச் கைவந்துவிட்டது. மூன்றாம் நாள் நர்ஸ் வந்து, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டார். "சாக்பீஸ் நான் போடறேன். நீங்க முழங்கால் வலின்னு சொல்லியிருக்கீங்க" என்றார். அக்கா சாக்பீஸை எடுத்துக் கொடுத்தார்.

நான்கு தெருவிலுமாக நூற்று முப்பத்தேழு கார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தால் ஐம்பத்தொன்றில் கோடு விலகவே இல்லை. வெளிநாடு போனவர்களின் கார், செத்துப்போனவர்களின் கார், விற்க மனசு வராத கார், கோர்ட்டில் வழக்கு நடக்கும் கார். ஒன்றின் பானெட்டுக்குள் பூனை குட்டி போட்டு வளர்த்து, அந்தக் குட்டிகளும் பெரிதாகிவிட்டன. காருக்கு இடமில்லை என்று ஊர் கூவிக்கொண்டிருந்தது; இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததோ போகாத கார்கள்.

ஐம்பத்தொன்றில் ஒன்று அக்காவுடையது. கிளினிக் வாசலிலிருந்து இரண்டாவது கார், சாம்பல் நிற உறை போட்டது. பள்ளி ஆரம்பித்தபோது வாங்கிய முதல் கார் அது. ஒரு பெண்ணிடம் யார் ஓட்டக் கற்பார்கள் என்று சொந்தக்காரர்கள் சிரித்தபோது, முதல் ஆயிரம் பேர் அதில்தான் கற்றார்கள். பக்கத்து இருக்கைப் பிரேக்கை ஒரு மெக்கானிக் பழைய இரும்பில் பற்றவைத்துக் கொடுத்தார். ஏழு வருடமாக ஓடவில்லை. ஞாயிறு மாலைகளில் அக்கா உறையைக் கழற்றித் துடைத்து, உள்ளே பத்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு வருவார். கணவர்கூட அந்தப் பத்து நிமிடம் கூப்பிட மாட்டார். நர்ஸ் அந்தக் காருக்குக் கோடு போடாமல் தாண்டிப் போனபோது, அக்கா சாக்பீஸை வாங்கி, உறையைத் தூக்கி, தானே கோடு போட்டார்.

கருத்துக் கேட்பு நகராட்சியின் பெரிய அறையில் நடந்தது. விசாரணை அதிகாரி வெளியூரிலிருந்து வந்த பெண்மணி; கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பேசுகிறவர் முகத்தை நேராகப் பார்ப்பவர். மரங்களைப் பற்றி இருவர் பேசினார்கள், இசை மேடையின் வயதைப் பற்றி ஒருவர். அதிகாரி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பிறகு மூன்றாம் பக்கத்தைத் திருப்பி, வாகன நிறுத்தம் வேண்டும் என்று உங்கள் வட்டாரத்தினரே எழுதிக் கேட்டிருக்கிறார்களே என்று கேட்டார். மருந்துக்கடைக்காரர் தன் செருப்பைப் பார்த்தார். அக்கா எழுந்தார். முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதை எழுதினது நான்ம்மா. இடம் கேட்டேன். இந்த இடத்தைக் கேக்கல. எண்பத்தாறு பேர்ல ஒருத்தரைத் தவிர எல்லாரும் என்னை நம்பிப் படிக்காம போட்டாங்க. அதுல அறுபத்தோரு பேர் இப்போ படிச்சுப் பாத்து வாபஸ் வாங்கியிருக்காங்க. தப்பு என்னோடது. மரத்து மேல போடாதீங்க."

பிறகு ஐம்பத்தொரு கார்களின் பட்டியலைக் கொடுத்தார். கார் எண், சொந்தக்காரர் பெயர், தெரு, எத்தனை நாளாக நிற்கிறது, கோட்டின் படம். கண் டாக்டரின் நோயாளிகளைப் பற்றியும் அவரே சொன்னார். அதை ஏன் சொன்னாய் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். அதிகாரி பட்டியலை விரலால் இறங்கி இறங்கிப் படித்தார். சொந்தக்காரர்கள் கார்களை எடுக்கச் சம்மதிப்பார்களா என்று கேட்டார். தெரியாது என்றார் அக்கா. அறையில் கொஞ்சம் சலசலப்பு. அதிகாரி கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, மரம் வெட்டும் வேலையை மூன்று மாதம் நிறுத்திவைப்பதாகவும், அதற்குள் தெருக்கள் காலியானால் வாகன நிறுத்தம் தேவையில்லை என்றே அறிக்கை எழுதுவதாகவும் சொன்னார். காலியாகாவிட்டால் திட்டம் அப்படியே நடக்கும். சொல்லி முடித்து, பட்டியலின் நடுவில் விரலை வைத்து, "இருபத்தேழாவது வண்டி உங்க பேர்ல இருக்கே?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. அதுதான் முதல்ல போகும்" என்றார் அக்கா.

ஊர் வாய்க்குக் கேட்கவா வேண்டும்? அக்காவின் கார் போகட்டும், அப்புறம் எங்கள் காரைப் பார்க்கலாம் என்று ஐம்பது பேரும் சொல்லிவைத்த மாதிரி சொன்னார்கள். அதில் நியாயமும் இருந்தது. தொழிற்கல்லூரி ஒன்றின் பட்டறை ஆசிரியர், மாணவர்கள் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஒரு பழைய கார் வேண்டும் என்று வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்தார். அவருக்கு அக்கா போன் செய்தார். அடுத்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு லாரியோடு வருவதாக அவர் சொன்னார். லாரி தெற்குத் தெருவுக்குள் திரும்ப இடமில்லை. முனைவரை காரைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

அன்று நான்கு தெருவின் பால்கனிகளும் நிறைந்திருந்தன. சிலர் நாற்காலி போட்டே உட்கார்ந்திருந்தார்கள். முந்தின நாளே கணவர் பம்ப் வைத்து நான்கு டயருக்கும் காற்று அடித்திருந்தார். இரண்டில் நின்றது, இரண்டில் பாதி நின்றது. அக்கா உறையை மடித்து மருந்துக்கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். கணவர், மருந்துக்கடைக்காரர், நர்ஸ், டாக்சிக்காரர் என்று பின்னால் ஏழெட்டுப் பேர் கையை வைத்தார்கள். முதல் தள்ளலில் கார் அசையவில்லை. இரண்டாவதிலும் இல்லை. கிளினிக் கதவு திறந்து கண் டாக்டர் வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு, அவரும் தோளைக் கொடுத்தார். சக்கரம் கிறீச்சிட்டு, சாக்பீஸ் கோட்டைவிட்டு விலகியது. மேலே ஒரு பால்கனியிலிருந்து யாரோ, தன் நீலக் காரை எடுக்க மெக்கானிக் நம்பர் இருக்கிறதா என்று பக்கத்து வீட்டாரைக் கேட்பது கேட்டது.

அக்காவுக்குக் கண் கலங்கி முன்னால் ரோடு தெரியவில்லை. ஸ்டீயரிங்கை ஒடித்துக்கொண்டே பின்னால் பார்க்கும் கண்ணாடியைப் பார்த்தார். தள்ளுகிறவர்களுக்குப் பின்னால் ஒரு கார் தயங்கித் தயங்கி வந்துகொண்டிருந்தது. ஓட்டுபவர் இடது பக்கமும் வலது பக்கமும் இடம் தேடினார், பக்கத்து இருக்கையில் ஒரு கண்ணைக் கட்டிய அம்மாள் உட்கார்ந்திருந்தார். அக்கா ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையை ஜன்னலுக்கு வெளியே முழுதாக நீட்டி, தன் கார் நின்ற இடத்தைக் காட்டி, வாங்க வாங்க என்று அசைத்தார்.